தறிச் சத்தத்தில் பேசுகிறவர்

வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், ஜலகண்டாபுரத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். குரல்வளையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டவர். ஐம்பதைத் தாண்டிய வயது. சொந்தமாக நாலு விசைத்தறி வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; கூடமாட ரெண்டு ஆட்கள். கதிர்வீச்சும் முடிந்து அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஆள் ரொம்ப ஒடுங்கிப் போயிட்டார். பேச முடியாது. எழுதிக் காட்டச் சொன்னா எழுத மாட்டேங்கிறார். அவருக்கு என்ன வேணும்னே தெரியல" என்று எனக்கு முன்னால் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் அழித்து அழித்து எழுதும் வெள்ளைப் பலகை ஒன்றையும் பேனாவையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

குரல்வளையை எடுத்துவிட்டால் குரல் மட்டும் போவதில்லை. மூச்சுக்குழாயின் மேல் முனையைக் கழுத்தின் முன்பக்கத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் மூச்சு மூக்கு வழியாகவும் போகாது, வாய் வழியாகவும் போகாது. கழுத்தின் அடியில் காலணா அளவில் இருக்கும் அந்தத் துளை வழியாகத்தான் எல்லாம். இருமினாலும் சளி அங்கிருந்துதான் வரும். பாடத்தில் படித்திருந்தேன். ஆஸ்பத்திரி வார்டிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி ஒருவர் தன் வீட்டில், தன் ஊரில் எப்படி வாழ்கிறார் என்று பார்த்ததில்லை.

ஊருக்குள் வண்டி நுழைந்ததுமே தறிச் சத்தம் தொடங்கிவிட்டது. நான் ஆத்தூர் பக்கத்துக்காரி. மரவள்ளிக் காட்டுக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் நடுவில் வளர்ந்தவள். இப்படித் தெருவுக்குத் தெரு, சுவருக்குச் சுவர் அதிரும் சத்தத்தை நான் கேட்டதில்லை. எங்கள் டிரைவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

முன்னால் வீடு, பின்னால் தறிக்கூடம், நடுவில் ஒரு கதவு. என்னைப் பார்த்ததும் அவருடைய மனைவி உள்ளே போய் எல்லாத் தறிகளையும் நிறுத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க. இந்தச் சத்தத்துல உங்களுக்கு ஒண்ணுமே கேக்காது."

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், "அண்ணா, சாப்பாடு இறங்குதா? தூக்கம் வருதா?" என்று சத்தமாகக் கேட்டேன். நிமிரவில்லை. பலகையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"எழுத்து வருமுங்க அவருக்கு. ஆனா எழுத மாட்டாரு" என்றார் மனைவி.

துண்டை விலக்கி, துளையைச் சுற்றி உப்புநீர்ப் பஞ்சால் துடைத்தேன். கதிர்வீச்சில் கறுத்திருந்த தோலுக்குக் களிம்பு தடவினேன். துளைக்குள் செருகியிருந்த சின்னக் குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். அவர் பிள்ளை மாதிரி கழுத்தை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவுதான்.

கை கழுவ வீட்டுக்குப் பின்பக்கம் இருந்த குழாய்க்குப் போனேன். அதற்குள் தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. திரும்பி வரும்போது தறிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். மனைவி அந்தக் கடைசியில் ரெண்டு தறிகளுக்கு நடுவில். அவர் உதடு அசைந்தது. மனைவியின் உதடு அசைந்தது. இன்னொரு தறியில் நின்ற ஆள் திரும்பி ஏதோ சொன்னான். அவர் பதில் சொன்னார். உடனே மூன்று பேரும் சிரித்தார்கள்.

அரைமணி நேரமாக என்னை நிமிர்ந்தே பார்க்காத மனிதர் அவர். ஈரக் கையோடு ஜன்னலில் நின்றுகொண்டே இருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

எதையும் 'அது எப்படி' என்று கேட்காமல் என்னால் விட முடியாது. நர்ஸிங் படிக்கும்போது டீச்சர்கள் இதற்காகவே என்னைப் பின் பெஞ்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரம் போனதும் முதல் வேலையாக அவர் மனைவியிடம், அந்த அக்காவிடம், கேட்டேன்.

"அன்னைக்கு நான் கிளம்பறப்போ மூணு பேரும் என்ன பேசிச் சிரிச்சீங்க?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா."

"'என் தொண்டை போனா என்ன, அந்த அம்மிணிக்கு எனக்கும் சேத்துத் தொண்டை இருக்குது. தறிய நிறுத்தியிருக்கவே வேண்டாம்'னாருங்க."

காது நன்றாகக் கேட்கும் மனிதரிடம் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் நாற்காலியில் இருந்த அவர் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அக்கா விளக்கினார். "பொறந்ததுல இருந்து இந்தச் சத்தம்தானுங்க. எவ்வளவு கத்துனாலும் பக்கத்துத் தறிக்குக் கேக்காது. அதனால கத்தறதே இல்ல. மூஞ்சியப் பாத்துப் பேசிக்குவோம். இந்த ஊர்ல தறி ஓட்டறவங்க எல்லாரும் இப்படித்தான். நான் கல்யாணமாகி வந்த புதுசுல, ஊட்டுக்குள்ள மாமனார் மாமியார் இருக்கறாங்கன்னு இவரு என்கூட வாயே தொறக்க மாட்டாரு. தறி ஓடறப்பத்தான் பேசுவாரு. ஊரு கதையெல்லாம் பேசுவாரு."

"முதுகு காட்டி நிக்கறவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"கழிவு நூலை உருட்டி மேல எறிவோம்."

"இருட்டிட்டா? கரண்டு போயிட்டா?"

"கரண்டு போனாத் தறியும் நின்னு போகுமே சிஸ்டர். அப்புறம் வாயாலயே பேசலாம்" என்றார் அக்கா. அண்ணாவின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறார் என்று அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கும் சொல்லித் தர்றீங்களாண்ணா?" என்று மெதுவான குரலிலேயே கேட்டேன். அவர் தன் முகத்தை என் முகத்துக்கு நேராகத் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும், மருந்து வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறந்ததிலிருந்து பேசி வந்த தமிழ் அப்போது வேறு ஒன்றாகத் தெரிந்தது. ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றேதான். க, ங எல்லாம் உள்ளே நடக்கிற சங்கதி, வெளியே தெரியவே தெரியாது. அவர் 'மருந்து' என்று சொன்னதை நான் 'பருந்து' என்று படித்து, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். வீடு என்று எதிர்பார்த்துக் கீழ் உதட்டில் பல் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால், படவே படாது. அவர்கள் சொல்வது ஊடு. ஆத்தூர்த் தமிழை வைத்துக்கொண்டு ஜலகண்டாபுரத்து உதட்டைப் படிக்க முடியாது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நாளாயிற்று.

ஒருநாள் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "வலி எப்படிண்ணா இருக்கு?"

அவர் உதட்டால் சொன்னதைப் படித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், "வலி இல்லையா? நல்லது" என்றேன்.

அக்கா குறுக்கிட்டார். "வலி இல்லேன்னு சொல்லலீங்க. 'வழி இல்ல'ங்கறாரு."

வலியும் வழியும். நாக்கு உள்ளே மடங்குவதில்தான் வித்தியாசம். உதட்டில் துளிகூட வித்தியாசமில்லை. நான் நாளெல்லாம் எல்லா நோயாளியிடமும் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்.

"நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"வலின்னா புருவம் சுருங்கும். வழின்னா கண்ணு அக்கட்டால போகும். இப்பப் பாருங்க, கதவப் பாக்கறாரு."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது தறிக்கூடத்துக் கதவை. அது மூடியிருந்தது. என்ன வழி இல்லை என்று கேட்டேன். கதவு ஏன் மூடியிருந்தது என்பதுதான் அதற்குப் பதில். மூடச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய வாரம் நான் போனபோது அவர் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் இருந்தது. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த சளிப் பொருக்கு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இருமச் சொல்லி, இளகியதும் இடுக்கியால் மெல்ல இழுத்து எடுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். வெளியே வந்த பொருக்கு நீல நிறத்தில் இருந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ரத்தம் கலந்த சளி பார்த்திருக்கிறேன், பச்சைச் சளி பார்த்திருக்கிறேன். நீலச் சளி பார்த்ததில்லை. வெள்ளைப் பஞ்சில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். முடி மாதிரி மெல்லிய நூல் இழைகள். அந்த வாரம் அவர்கள் தறியில் ஓடியது நீல நூல்.

மூக்கு செய்கிற வேலையை நாம் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காற்றை ஈரமாக்கி, சூடாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புவது அதுதான். அவருக்கு இப்போது அந்த வேலையைச் செய்ய எதுவும் இல்லை. பஞ்சுத் தூசி நேராக மூச்சுக்குழாய்க்குள் போகிறது. எங்கள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பெரிசா அடைச்சா மூச்சே நின்னுடும். தூசி இருக்கிற இடத்துக்கு அவர் போகவே கூடாது" என்றார். சரியான பேச்சு. நானும் அதையே சொன்னேன். அவர் தலையாட்டினார். அக்கா அன்றைக்கே கதவைச் சாத்தினார்.

ஒரே வாரத்தில் ஆள் பழையபடி ஒடுங்கிவிட்டார். சோறு பாதியில் நிற்கிறது. கழுத்தைச் சுத்தம் செய்ய விடுவதோடு சரி, அந்த 'வழி இல்ல'வைத் தவிர உதடு அசையவே இல்லை. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. அவர் உதட்டை அக்கா வீட்டுக்குள்ளேயே படிக்கலாமே. சத்தம் இல்லாத இடத்தில் படிக்கக்கூடாது என்று ஏதாவது இருக்கிறதா என்ன? அதை நேராக அவரிடமே கேட்டேன்.

அவர் சொன்னதைப் பாதிதான் என்னால் படிக்க முடிந்தது. மீதியை அக்கா சொன்னார், ஒவ்வொரு வாக்கியமாக, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஊட்டுக்குள்ள இருந்தா நான் ஊமைங்கறாரு. வாரவங்க எல்லாம் பாவமாப் பாக்கறாங்களாம். அவங்க வாயில சத்தம் வருது, இவரு வாயில காத்துகூட வரமாட்டேங்குது. பேசறப்ப கழுத்துல புஸ்ஸு புஸ்ஸுங்குது, அத எல்லாரும் பாக்கறாங்க. தறிக்குள்ள போனா அது யாருக்கும் கேக்காது." இந்த இடத்தில் அக்கா நிறுத்தினார். அவர் திரும்பவும் சொன்னார். "தறிக்குள்ள எல்லாரும் என்னயாட்டத்தான்ங்கறாரு. அங்க யாருக்குமே குரல் இல்லீன்னு."

வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் உடம்புக்கு ஆகாத இடமும், அவர் முழு ஆளாக இருக்கிற இடமும் ஒன்றாக இருக்கிறது. அங்கே போகாதே என்று சொல்வது சுலபம். போனால் எவ்வளவு தூசி, எந்த நேரத்தில் தூசி, எதைக் கட்டினால் தூசி நிற்கும், இதையெல்லாம் நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை அக்காவிடம், தூசியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னபோது அவருக்கும் அதில் ஆர்வம் வந்துவிட்டது. ஆறேழு விதமான துணியைச் சதுரமாக வெட்டினோம். புண்ணுக்குக் கட்டும் ஆஸ்பத்திரிக் காஸ் துணி, தறியில் நெய்த புதுத்துணி, பழைய வேட்டி, துண்டு, புடவைத் தலைப்பு. ஒவ்வொன்றிலும் ஈரமாக ஒன்று, காய்ந்தது ஒன்று. தறிக்கூடத்தில் அவர் கழுத்து உயரத்துக்குக் கயிறு கட்டி, கதவருகே, ஜன்னலருகே, நடுத்தறி அருகே என்று தொங்கவிட்டோம். கயிறு கட்டுவது வரைக்கும் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் ஒரு துணியை மின்விசிறிக்கு நேராகத் தொங்கவிட்டதைக் கண்டதும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து, கையை ஆட்டி வேறு இடத்தைக் காட்டினார். விசிறிக்கு எதிரே எப்போதும் தூசி அடிக்கும், அங்கே அவர் நிற்கப்போவதில்லை என்று அர்த்தம்.

மறுநாள் நானே போக முடியாமல் அக்காவை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். வாரக் கடைசியில் எல்லாத் துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். ஒரு துணிக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தை வைத்துத் தட்டினால், அந்தப் பக்கம் கடந்துபோன இழை காகிதத்தில் தெரியும். புதுத்துணியில் நிறையக் கடந்திருந்தது. காஸ் சல்லடை மாதிரி, ஒன்றையும் நிறுத்தவில்லை. பழைய வேட்டியை நாலாக மடித்து நனைத்துப் பிழிந்து கட்டியதில் ஏறக்குறைய எதுவுமே கடக்கவில்லை. கதவருகே தூசி குறைவு. தறிக்கூடம் கூட்டும் நேரத்தில் எங்கே நின்றாலும் தூசிதான். காலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காற்று தெளிகிறது.

டாக்டரம்மாவிடம் அந்தத் துணிகளையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு, "நான் நேர்ல வந்து பாக்கறேன்" என்றார். வந்தார். தறிகளை ஓடவிட்டு, கதவருகே அவர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். அவர் நனைத்த துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மனைவியோடு பேசுவதையும் பார்த்தார். வெளியே வந்ததும் டாக்டரம்மா விதித்த நிபந்தனைகள் கண்டிப்பானவை. காலையில் மட்டும், கூட்டி முடித்த பிறகு, கதவருகே மட்டும். துணி காயக்கூடாது. வந்ததும் உப்புநீர் ஆவி பிடிக்க வேண்டும். விசில் சத்தம் கேட்டால் அன்றோடு நிறுத்த வேண்டும்.

"இதுல ஒண்ணு தப்பினாலும் நான் கதவைப் பூட்டிடுவேன்" என்றார்.

அவர் தலையாட்டிவிட்டு உதட்டால் ஏதோ சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இந்த முறை அக்கா உதவி இல்லாமல் நானே படித்தேன்.

"பூட்டும் சாவியும் நானே வாங்கித் தர்றேன்னு சொல்றார் டாக்டர்."

அதற்கப்புறம் தறியில் ஓடும் நூலின் நிறத்தில் வரும் நீலப் பொருக்கும் சிவப்புப் பொருக்கும் அடியோடு போய்விட்டன என்று சொல்ல மாட்டேன். வந்தன, ஆனால் சிறியதாக, அவரே இருமித் தள்ளிவிடும் அளவுக்கு வந்தன. சோறு இறங்கியது. கன்னம் கொஞ்சம் நிரம்பியது. துணியின் மடிப்பை அக்கா தைத்து, பின்னால் நாடா வைத்து, சட்டைக் காலருக்குள் மறைகிற மாதிரி ஆக்கிவிட்டார். அந்தத் துளைக்கு அவர்கள் வைத்த பேர் 'கீழ் மூக்கு'. "கீழ் மூக்குக்கு ஈரம் போட்டாச்சா?" என்று அக்கா கேட்பது எனக்குப் பழகிவிட்டது.

மேல் மூக்கு சும்மாதான் இருந்தது. காற்று போகாததால் அவருக்கு வாசனையே தெரியவில்லை. இதை அவர் ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. நான்தான் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்து, பரிசோதித்துப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தேன். உதட்டை மூடிக்கொண்டு, கொட்டாவியை அடக்குகிற மாதிரி தாடையையும் நாக்கையும் கீழே இறக்க வேண்டும். வாய்க்குள் இடம் பெரிதாகும்போது மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே இழுபடும். மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் வாசனை வந்துவிடும்.

நானும் அக்காவும் எதிரே உட்கார்ந்து தாடையை இறக்கிக் காட்டினோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு செய்தார். காப்பித்தூளை நீட்டினேன். கையை விரித்தார். கற்பூரம். இல்லை. கொத்தமல்லித் தழையைக் கசக்கிக் காட்டினேன். இல்லை. அடுத்த வாரமும் இல்லை. நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை போலிருக்கிறது. யாரும் பார்க்காதபோது செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

ஒரு மத்தியானம் நான் போனபோது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வந்துருச்சுங்க சிஸ்டர்" என்றார்.

"என்ன வந்துருச்சு?"

"வாசம். பக்கத்து ஊட்ல கருவாடு வறுத்தாங்க. இவருக்குத் தெரிஞ்சிருச்சு."

உள்ளே அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் வராமலே இருந்திருக்கலாம் என்றார்.

கல்யாணமாகிக் குமாரபாளையத்தில் இருக்கும் மகள் வீடியோ காலில் பேசுவதை நான் பார்த்ததும் அதே சமயத்தில்தான். அந்தப் பெண்ணும் தறிக்கூடத்தில் வளர்ந்தவள். ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவோடு போனில் பேச முடியாது என்று அழுதிருக்கிறாள். வீடியோவில் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கவலை போய்விட்டது. அப்பா சத்தமில்லாமல் பேச, மகளும் அங்கே சத்தமில்லாமலே பேசினாள். அவளுக்குக் குரல் இருந்தும் ஏன் சத்தமாகப் பேசவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். "அவ மாமியா பக்கத்து ரூம்ல இருக்கறாங்க போல" என்றார் அக்கா.

பரிசோதனைக்காக அவர் சேலத்துக்கு வந்த ஒரு நாளில்தான் ராசிபுரத்து விவசாயி ஒருவரைப் பார்த்தோம். அவருக்கும் குரல்வளையில் புற்று. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "கழுத்துல ஓட்டை வெச்சுக்கிட்டு வாழறதுக்குச் சாவறதே மேல்" என்று கரகரத்த குரலில் டாக்டரம்மாவிடமே சொன்னாராம். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க ஜலகண்டாபுரத்துக்காரர் அவரைப் பாத்துப் பேசுவாரா, கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "உங்க இஷ்டமுங்க" என்றார். அவர் சரி என்று எழுந்தார்.

அதற்குள் அவருக்குக் கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு சின்னக் கருவி கிடைத்திருந்தது. பட்டனை அழுத்தினால் அது அதிரும், அந்த அதிர்வை உதடும் நாக்கும் பேச்சாக்கும். ஏற்ற இறக்கமே இல்லாத இயந்திரக் குரல். அவருக்கு அது பிடிக்காது, வீட்டில் எடுக்கவே மாட்டார். அன்றைக்குச் சட்டைப்பையில் இருந்து அதை எடுத்துக்கொண்டார். உதட்டைப் படிக்கத் தெரியாத ஆளிடம் வேறு எப்படிப் பேசுவது?

ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வெளியே இருந்த சிமென்ட் பெஞ்சில் விவசாயியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி அறிமுகப்படுத்தினேன். ஜலகண்டாபுரத்துக்காரர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்துத் துணியின் நாடாவை அவிழ்த்து, துளையைக் காட்டினார். மறைக்காமல், பெருமையும் இல்லாமல், வாங்கின சாமானைக் காட்டுகிற மாதிரி. விவசாயி பார்த்தார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு திரும்பவும் பார்த்தார்.

"சோறு இறங்குதுங்களா?" என்று விவசாயி கேட்டார்.

அவர் கருவியை எடுக்கவில்லை. எழுந்து கேன்டீனுக்குப் போய் உளுந்து வடை வாங்கி வந்தார். பிய்த்துப் பிய்த்து, மெதுவாக, நன்றாக மென்று முழு வடையையும் தின்றார். விவசாயி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிச்சா அந்த வழியா வந்துராதுங்களா?"

தண்ணீர் குடித்துக் காட்டினார். ஒரு சொட்டும் வரவில்லை. அப்போதுதான் கருவியைக் கழுத்தில் வைத்து, "அது வேற குழாய். இது வேற குழாய்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் விவசாயி சற்றுப் பின்வாங்கினார். அப்புறம் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. குளிக்கும்போது? துண்டால் மூடிக்கொள்ள வேண்டும், தலையைக் குனிந்து ஊற்ற வேண்டும். மூட்டை தூக்கலாமா? மூச்சைப் பிடிக்க முடியாது, அதனால் பெரிய பாரம் முடியாது. சூடான டீயை ஊத முடியுமா? முடியாது, ஆறவைத்துத்தான். நாய் துரத்தினால் ஓடலாமா? ஓடலாம், ஆனால் நாய் ஜெயித்துவிடும்.

அந்தப் பக்கம் ரெண்டு பெண்களும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் கையைக் கழுத்தில் வைத்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

விவசாயி துளையை இன்னொரு முறை பார்த்தார். "விக்கல் வருமுங்களா?" என்று கேட்டார்.

நான் ஜலகண்டாபுரத்துக்காரரைப் பார்த்தேன். இத்தனை நாளாக அவரைத் துளைத்துத் துளைத்துக் கேட்ட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அவரும் இதை யாரும் கேட்டு யோசித்ததில்லை போல. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார்.

"வரும்" என்றார். "நெஞ்சு தூக்கும். ஆனா விக்குன்னு சத்தம் வராது."

"அப்பத் தண்ணி குடிச்சா நிக்குமா?"

"நிக்கும்."

விவசாயி தலையாட்டிக்கொண்டார். அன்றைக்கு அவர் சம்மதம் என்று எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவர் மனைவி போன் செய்து, ஆபரேஷனுக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கதிர்வீச்சில் கொஞ்சம் சிரமப்பட்டார், மெலிந்தார், பிறகு தேறினார். இப்போது ராசிபுரம் பக்கம் போகும் நாள்களில் நான் அவரையும் பார்க்கிறேன். அவர் வீட்டில் தறி இல்லை. அவர் எழுதிக்காட்டுகிறார், கருவியும் பழகிவிட்டார். அவர் மனைவிக்கு உதட்டைப் படிக்க இன்னும் சரியாக வரவில்லை. வெங்காயம் என்று அவர் சொல்ல, ஏதோ கோபமாகத் திட்டுகிறார் என்று நினைத்து அந்தம்மா பதிலுக்குத் திட்டிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்தான் கடைசியாகப் போயிருந்தேன்.